ப்ராஜெக்ட் அனுபவங்கள்: திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?

பில்லிங் மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிய ஒரு சனிக்கிழமை இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ப்ராஜெக்டை நடத்தியது நான்தான்.

எந்த வேலை எத்தனை மணிக்கு, யார் செய்வது, யார் சரிபார்ப்பது என்று எல்லாம் எக்செல்லில் 64 வரிகளாக இருந்தது. அதில் 63வது வரி: 'பிரச்சினை வந்தால் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர்.' அதாவது எடுத்து வைத்த நகலைப் போட்டுப் பழைய நிலைக்கே திரும்புவது. அந்த வரிக்கு எதிரே நேரமும் இல்லை, பெயரும் இல்லை. மூன்று வாரம் முன்பே டேட்டாபேஸ் பார்க்கிற தம்பி கூட்டத்தில் கேட்டார்: "சார், ரீஸ்டோர் ஆக எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா?" நான், "அதுக்குத் தேவை வராது, மத்த டெஸ்டிங்கை முடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலை 3 மணிக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் பில் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. காரணம் தேடியதில் இரண்டு மணி நேரம் போனது. 'இன்னும் அரை மணி பார்ப்போம்' என்று நானே நாலு தடவை சொன்னேன். கடைசியில் 5 மணிக்கு ரீஸ்டோர் போட்டோம். 6 மணிக்குத் திரையில் 9 சதவீதம். எட்டு மணிக்குச் சேவை திறந்தாக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேர் பேசாமல் நின்றோம். தம்பி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சேவை திறந்தபோது மாலை 4.30. பகல் முழுக்கக் கிளைகளில் கையால் எழுதின ரசீதுகளை அடுத்த வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் அப்டேட்டால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் முடங்கிய செய்தி வந்தபோது எனக்கு அந்த 9 சதவீதம்தான் ஞாபகம் வந்தது. தவறான கோப்பு வெளியே போய் 78 நிமிடத்தில் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வேகமான வேலைதான். ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணினி தானாக எழுந்து சரியான கோப்பை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஒருவர் நேரில் போய் சேஃப் மோடில் (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் நிலையில்) திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள். முதலில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதமும் அந்தச் சிறு பகுதியோடு நின்றிருக்கும். அதற்கப்புறம் அவர்களும் படிப்படியாக வெளியிடும் முறைக்கு வந்தார்கள்.

இப்போது என் திட்டங்களில் ரீஸ்டோருக்கு எதிரே ஒத்திகையில் அளந்த நேரம் இருக்கும். 'இத்தனை மணிக்குள் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் திரும்புகிறோம்' என்று ஒரு கெடுவும் இருக்கும். கெடு வந்ததும் முடிவைச் சொல்வது நானாக இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். இரவெல்லாம் அந்த வேலையிலேயே மூழ்கியிருப்பவனுக்கு நிறுத்த மனம் வராது. உங்களுக்கு இதுபோல நடந்திருந்தால் எழுதுங்கள்.

—

மறுமொழி 1

நான் கட்டட வேலைப் பக்கம். எங்களிடம் சிக்கல் 'முடிந்தது' என்கிற சொல்லில் இருக்கிறது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை அமைப்பு எட்டு வாரமாக ரிப்போர்ட்டில் பச்சையாகவே இருந்தது. ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது பட்டனை அழுத்தினோம். மணி அடித்தது, ஆனால் தானாகத் திறக்க வேண்டிய படிக்கட்டுக் கதவுகள் பூட்டியபடியே நின்றன. மின்வேலை மேஸ்திரியைக் கேட்டால், "ஒயர் இழுத்து முடிச்சாச்சுன்னுதான் சார் சொன்னேன். கதவோட சேர்த்து ஓட்டிப் பாக்கச் சொல்லி யாரும் கேக்கலையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கேட்கத் தெரியாதது எங்கள் தவறு.

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தில் நடந்ததைப் படிக்கும்போது இதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2012 ஜூன் 3 திறப்பு விழா என்று அறிவித்திருந்தார்கள். நாலு வாரம்கூட இல்லாத நிலையில் நிறுத்தினார்கள், முக்கியக் காரணம் தீப் பாதுகாப்பும் புகை வெளியேற்றும் அமைப்பும். கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31. இப்போது நான் ஒயர், பேனல், கதவு என்று தனித்தனியாக முன்னேற்றம் கேட்பதில்லை. மணி அடித்தால் கதவு திறந்ததா, யார் பார்த்தது, எந்தத் தேதியில், இதைத்தான் கேட்கிறேன்.

—

மறுமொழி 2

முதல் பதிவில் வரும் தம்பியின் கேள்வி மனதிலேயே நிற்கிறது. அப்படிக் கேட்பவர்களுக்குக் கூட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியது. சந்திரயான்-3ஐ வடிவமைத்தபோது 'எதெல்லாம் தோற்கலாம், தோற்றாலும் எப்படி இறங்குவது' என்பதிலிருந்து தொடங்கியதாக அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். 500 மீட்டருக்கு 500 மீட்டராக இருந்த இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை அது இறங்கியபோது நான் கண் கலங்கிப் பார்த்தேன்.

எங்கள் குழுவில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வேலை தொடங்கும் முன், 'ப்ராஜெக்ட் தோற்றுவிட்டது, ஏன்?' என்று ஆளுக்கொரு சீட்டில் பேசாமல் எழுதுவது. பேசச் சொன்னால் மூத்தவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள், அதனால்தான் சீட்டு. போன தடவை சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண் எழுதியிருந்தார்: 'மாற்றும் வாரத்தில் பழைய மென்பொருளின் லைசென்ஸ் முடிகிறது.' பார்த்தால் உண்மை. அன்று மதியமே புதுப்பித்தோம்.

—

முதல் பதிவு எழுதியவர்

சீட்டு எழுதும் முறையை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. வருகிற மாதம் இன்னொரு சர்வர் மாற்றம் இருக்கிறது. ரீஸ்டோர் ஒத்திகையை நேற்று அதே தம்பியின் பொறுப்பில் நடத்தினோம். முதல் தடவை 6 மணி 40 நிமிடம். பழைய ஆவணங்களைத் தனியாகப் பிரித்து வைத்து மறுபடி ஓட்டினோம், 2 மணி 10 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்குக் கெடு. நிறுத்தச் சொல்லும் பொறுப்பு அவருடையது.