டரான்டுலா சிலந்தி டப்பா பக்கத்துல எறும்பு, உடனே என்ன பண்றது?

எட்டுக்கால்:
நேத்து ராத்திரி மீல்வோர்ம் (தீனிப் புழு) டப்பாவ தொறந்தா ஒரே சித்தெறும்பு, பாதி புழுவ காலி பண்ணிருச்சு, அதே ஷெல்ஃப்ல தான் என் டரான்டுலா மல்லாக்க படுத்து தோல் உரிச்சுட்டு இருக்கு, எறும்பு சாக்பீஸ் கோடு போட்டா போதுமா?

சிலந்திக்காரன்:
ஐயோ சாக்பீஸ் வேணாம் ப்ரோ!! எறும்ப கொல்ற மருந்து சிலந்தியையும் கொல்லும். தோல் உரிச்ச புதுசுல உடம்பு மெத்துனு இருக்கும், பல்லு கூட வெள்ளையா தான் இருக்கும், எறும்பு மொய்ச்சா அதால திருப்பி ஒன்னும் பண்ண முடியாது. அகலமான தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கிண்ணத்த கவுத்து, சிலந்தி டப்பாவ குலுக்காம தூக்கி அது மேல வைங்க. தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விடுங்க, இல்லன்னா சித்தெறும்பு மேலயே நடந்து வந்துரும்.

கரப்பான் பண்ணை:
பாட்டி சீனி டப்பாவுக்கு பண்ற அதே வேலை தான் :) ஆனா டப்பா செவுத்துல ஒட்டக்கூடாது, எனக்கு ஒரு தடவ சார்ஜர் வயர் வழியா ஏறிருச்சு. செத்த கிரிக்கெட் பூச்சி, மிச்ச கேரட் எல்லாம் அன்னன்னிக்கே எடுத்துருங்க.

எட்டுக்கால்:
வெச்சாச்சு. தட்டு ஓரம் வரைக்கும் வந்து மீசைய ஆட்டிட்டு திரும்பி போகுதுங்க.