புதுப்பிப்பு: மகளின் பல் கம்பியும் எங்கள் வீட்டுச் சாப்பாடும்

மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறது, எங்கள் யாழ்ப்பாணச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

முதல் நான்கு நாளும் அவளால் கடிக்கவே முடியவில்லை. இடியப்பத்தைச் சொதியில் (தேங்காய்ப்பாலில் வைக்கும் தண்ணிக் குழம்பு) நன்றாக ஊறவிட்டுக் கொடுத்தேன். அதுதான் கைகொடுத்தது. புட்டு மென்மைதான், ஆனால் தேங்காய்ப்பூ கம்பிக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்டதும் சின்னத் தூரிகையால் எடுக்க வேண்டும். மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழ் நல்லது என்று சிலர் சொன்னீர்கள். உண்மை. நண்டுக்கோதும் முள்ளும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இடையில் ஒரு பிழை நடந்துவிட்டது. அம்மம்மா ஆசையாகக் கொடுத்த பருத்தித்துறை வடையை (தட்டையாக, மொறுமொறுவென்று கடினமாக இருக்கும்) முன்பல்லால் கடித்ததில், கம்பியைப் பிடிக்கும் பிறக்கெற் ஒன்று கழன்றுவிட்டது. திரும்ப ஒட்டியாயிற்று. அம்மம்மா அழுதே விட்டா. அவவில் பிழையில்லை, நான்தான் முதலே சொல்லியிருக்க வேண்டும். இனிக் கம்பி கழற்றும் வரை வடை, முறுக்கு, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), எள்ளுருண்டை, கச்சான் (வேர்க்கடலை) ஒன்றும் இல்லை. பனங்கட்டியைக் கடிக்காமல் உழுந்தங்கஞ்சியில் கரைத்துக் குடிக்கிறாள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் துண்டாக வெட்டித்தான் கொடுக்கிறேன்.

மஞ்சள் கறை பிடிக்குமா என்று கேட்டவருக்கு: கம்பியைப் பிறக்கெற்றோடு பிடித்து வைக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் நிறமில்லாதவை என்றால், கறியின் மஞ்சள் கறை பிடிக்கும். மகள் கருநீல வளையம் எடுத்ததால் கறை தெரியவில்லை.

வரும் வெள்ளி மறுபடி கம்பி இறுக்குவார்கள். இடியப்பத்துக்கு மா வறுத்து வைத்துவிட்டேன்.