பிக்கப்ல ஃபோர் வீல் விழ மாட்டேங்குது, விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க

வணக்கம். காரைக்குடி பக்கம் கானாடுகாத்தான். வண்டி டீசல் பிக்கப், குமிழைத் திருப்பி ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கிறது) போடுற வகை. முன் சக்கர ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோட சேர்த்துப் பூட்டுற பாகம்) ரெண்டும் வேக்குவத்துல, அதாவது காத்தை உறிஞ்சுற இழுப்புல, பூட்டணும்.

ஃபோர் ஹை (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகத்துக்கு) போட்டா மீட்டர்ல பச்சை லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கு, நிலையா எரிய மாட்டேங்குது. கண்மாய்க்கரை ஈரச் செம்மண்ல பின் சக்கரம் மட்டும் சுத்திக் குழி பறிக்குது.

ஃபியூஸ் நல்லாருக்கு. குமிழைத் திருப்பினா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) மோட்டார் ஓடுற சத்தம் தெளிவா கேக்குது. கியர்ல நிறுத்தி, கீழே படுத்து, அந்தப் பெட்டியிலிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால திருப்பினேன். டூ ஹையில (பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) லேசா சுத்துது, ஃபோர் ஹையில இறுகி நிக்குது. அப்போ உள்ள கியர் விழுந்திருச்சு, ஹப்தான் பூட்டலைன்னு படுது. இடது சக்கரத்துக்குப் போற ரப்பர் ஹோஸ் முனையில வெடிப்பு, உள்ளே காய்ஞ்ச செம்மண்.

மெக்கானிக் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரையே மாத்தணும்ங்கிறார். பெரிய செலவு, எனக்கு மனசு ஒப்பலை.

கை பம்ப்பால ஹப்புக்கு நேரா வேக்குவம் கொடுத்துப் பார்க்கலாமா? வேக்குவத்தைத் திறந்து மூடுற சொலினாய்டு வால்வை (கரண்ட்ல வேலை செய்றது) எப்படிச் சோதிக்கிறது? வேக்குவத்தை எடுத்துட்டு கையால பூட்டுற ஹப் போட்டவங்க இருந்தா அனுபவத்தைச் சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி சரி பண்ணணும், இல்லைன்னா தோப்புக்குள்ள வண்டி போகாது. காரைக்குடி, தேவகோட்டை, மதுரையில இந்த வேலை தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களாண்ணே?