பதிவில்லாத குடியேறிக்கு அவசர சிகிச்சை மட்டும் போதுமா?

நீர்முள்ளி: தஞ்சம் கோருவோருக்கும் ஆவணமில்லாதவர்களுக்கும் அவசர சிகிச்சை மட்டும் தந்தால் செலவு மிச்சம் என்று பல அரசுகள் நம்புகின்றன. மிச்சமாவதில்லை. ஜெர்மனியின் 1993 சட்டப்படி தஞ்சம் கோருவோருக்கு ஆரம்பத்தில் உறுதியாகக் கிடைப்பவை கடும் நோய், வலி, பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றுக்கான கவனிப்புதான். முழு உரிமைக்கான காத்திருப்பை 2024இல் 18 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்டினார்கள். ஆனால் 1994 முதல் 2013 வரையான தரவை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், முழு உரிமை பெற்றவர்களைவிட இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தலைக்குச் சுமார் 40 சதவீதம் அதிகம் செலவாகியிருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை தர மறுத்து, கால் புண் அழுகியபின் அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டினால் வேறென்ன நடக்கும்?

கணக்கன்: அந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாது. புதிதாக வந்தவர் காயத்தோடும் அதிர்ச்சியோடும் வருகிறார். பழையவரைவிட அவருக்கு அதிகம் செலவாவது இயல்பு.

நீர்முள்ளி: தேவையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தும் இடைவெளியை முழுக்க விளக்க முடியவில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு.

கணக்கன்: சரி, வைத்துக்கொள்வோம். அப்படியும் பணம் எங்கிருந்து வரும்? தாய்லாந்து 2001 முதல் குடியேறித் தொழிலாளருக்குக் காப்பீட்டு அட்டை விற்கிறது. வருடச் சந்தா, உடல் பரிசோதனை, அட்டை கொடுத்த மருத்துவமனையில் சிகிச்சை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்குவது விருப்பம் என்றால் நோய் வந்தவர்தான் வாங்குவார், ஆரோக்கியமானவர் தள்ளிப்போடுவார். சந்தாவைவிடச் செலவு கூடிவிடும். கட்டாயப் பதிவு இல்லாமல் எந்த நிதியும் நிற்காது. முதலில் பதிவு, பிறகு சிகிச்சை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மருந்துப்பெட்டி: நீங்கள் போடும் வரிசைதான் பிரச்சினையே. பிரிட்டனில் காசநோய்க்கு யாரிடமும் கட்டணம் கிடையாது. ஆனால் இருமலோடு இருப்பவருக்கு அது காசநோய் என்று எப்படித் தெரியும்? கட்டண விலக்கு இல்லாத வெளிநாட்டவருக்கு மருத்துவமனைக் கட்டணம் வழக்கமான விலையில் 150 சதவீதம். 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் 2 மாதம் நிலுவையில் நின்றால் குடியேற்றத் துறைக்குத் தகவல் போகலாம். இதைக் கேள்விப்பட்டவர் பரிசோதனைக்கே வரமாட்டார். வீட்டிலேயே இருமிக்கொண்டிருப்பார், கூடத் தங்கியிருப்பவர்களுக்கும் தொற்றும்.

சிகிச்சை தொடங்கினாலும் வழக்கமாக 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. மூன்றாம் மாதத்தில் முகாம் மாற்றினால் சிகிச்சை அட்டை பழைய ஊரிலேயே கிடக்கும், மருந்து நின்றுபோகும், மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அதனால் இடமாற்ற உத்தரவு போடும் அதிகாரி, ஒரு மாத மருந்தும் சிகிச்சைச் சுருக்கமும் கையில் கொடுத்தாயிற்றா, அடுத்த மருத்துவமனைக்குச் சொல்லியாயிற்றா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். இதை விதியாக எழுத வேண்டும். சுற்றறிக்கை போதாது.

தடுப்பூசியிலும் இதே அலட்சியம். பதிவேடு இல்லை என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. போடவில்லை என்று எடுத்துக்கொண்டு போடத் தொடங்கலாம். பாதியில் நின்றிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

நீர்முள்ளி: மொழிபெயர்ப்பாளரையும் சேருங்கள். பல இடங்களில் பத்து வயது மகளை வைத்து அம்மாவிடம் மாதவிடாய், அடி, கருக்கலைப்பு பற்றிக் கேட்கிறார்கள். அம்மா பாதியை மறைப்பாள், மகள் மீதியை விட்டுவிடுவாள். தொலைபேசி வழி மொழிபெயர்ப்புக்குத் தனி நிதித் தலைப்பு ஒதுக்காவிட்டால் மருத்துவமனை அதைத்தான் முதலில் வெட்டும்.

கணக்கன்: காசநோய், தடுப்பூசி, பிரசவம் மூன்றையும் பதிவு கேட்காமல் கொடுக்கலாம், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. டயாலிசிஸ், புற்றுநோய்? வாசலைத் திறந்துவிட்டு நிதியைத் தேடினால் உள்ளூர் நோயாளியின் வரிசைதான் நீளும். அந்தக் கோபத்தில் மொத்தத் திட்டமும் ஒரே தேர்தலில் காணாமல் போகும். ஸ்பெயின் 2012இல் ஆவணமில்லாதவர்களின் உரிமையைப் பறித்ததும் நெருக்கடிக் காலச் சிக்கனம் என்ற பெயரில்தானே?

மருந்துப்பெட்டி: 2018இல் திருப்பிக் கொடுத்ததும் அதே ஸ்பெயின்தான். பதிவு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதை மருத்துவமனை ஊழியர் செய்யட்டும், பதிவு எண் சுகாதாரத் துறையிடம் மட்டும் இருக்கட்டும், காவல் துறைக்கோ குடியேற்றத் துறைக்கோ தரக்கூடாது என்று சட்டத்திலேயே தடை இருக்கட்டும். அந்தத் தடை இருந்தால் ஆரோக்கியமானவரும் பதிய வருவார், உங்கள் நிதியும் நிற்கும்.

கணக்கன்: தடைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தாவை முதலாளி கட்ட வேண்டும். வேலை மாறினாலும் காப்பீட்டு அட்டை செல்லுபடியாக வேண்டும். முதலாளி ஏமாற்றினால் அபராதம் அவருக்கு, சிகிச்சை தொழிலாளருக்கு. இந்த மூன்றும் இல்லாத சட்ட வரைவுக்கு என் ஆதரவு கிடையாது.