எம்.எஸ். பாஸ்கர் நடிக்க வருவதற்கு முன்பு டப்பிங் கலைஞரா?

வாசு_விருதுநகர்:
'பார்க்கிங்' நேற்று மறுபடி பார்த்தேன். வண்டி நிறுத்தும் இடத்துக்காக, புதிதாகக் குடிவந்த பையனோடு மல்லுக்கு நிற்கும் அந்த அரசு அதிகாரி வேடத்துக்கு அவர் 71ஆவது தேசிய விருதில் சிறந்த துணை நடிகர் விருது வாங்கியது தெரியும். ஆனால் பல வருஷம் டப்பிங் பேசியவர் என்று நண்பர் சொன்னார். உண்மையா? அந்த அனுபவம் நடிப்பில் தெரிகிறதா?

சவுண்டு_செல்வி:
உண்மைதான். முகம் தெரிய ஆரம்பித்ததே சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பட்டாபி வழியாகத்தான், அதற்கு முன்பே அவர் குரல் கலைஞர். வீட்டிலும் அதே தொழில் உண்டு, சகோதரி ஹேமமாலினியும் மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங் கலைஞர்கள். '96' படத்தில் சின்ன வயசு ராமாக வந்த ஆதித்யா அவர் மகன்.

டப்பிங்கில் முகம் உதவாது. கண்கலங்கினாலும் கை நடுங்கினாலும் மைக்குக்குத் தெரியாது, எல்லாவற்றையும் மூச்சிலும் இழுப்பிலும்தான் காட்ட வேண்டும், அதுவும் திரையில் இருப்பவர் வாய் மூடும்போது நீங்களும் மூடியாக வேண்டும். பழைய ஸ்டுடியோக்களில் ஒரே மைக் முன்னால் நாலைந்து பேர் நின்று பேசுவார்கள், ஒருத்தர் அரை வினாடி பிந்தினாலும் எல்லாருக்கும் மறு டேக். இதில் பழகியவர்கள் வசனத்தை வீணாக்க மாட்டார்கள்.

'மொழி' (2007) பாருங்கள். மகனை இழந்த அதிர்ச்சியில் 1984லேயே நின்றுபோன பேராசிரியர். அந்த வருஷத்துச் செய்தியை இன்றைக்கு நடப்பதுபோல ரொம்பச் சாதாரணமாகக் கேட்பார், குரலில் துளி சோகம் இருக்காது. அதனால்தான் கடைசியில் உடைந்து அழும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

கதிர்77:
என்னைக் கேட்டால் விருது '8 தோட்டாக்கள்' (2017) படத்துக்கே வந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரப் பையனிடம் தன் கதையைச் சொல்லுவாரே, கத்தல் இல்லை, பின்னணி இசையை நம்பி நிற்கவில்லை, ஒரு மனுஷன் எங்கே எங்கே அவமானப்பட்டான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார், எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார். செல்வி சொன்ன மூச்சுக் கணக்கு அங்கே அப்படியே தெரியும். சிரிப்பு நடிகர் என்று நாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்ததால்தான் இவ்வளவு தாமதம், எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

வாசு_விருதுநகர்:
நன்றி இருவருக்கும். 'மொழி' பார்த்து வருஷக்கணக்காகிறது, '8 தோட்டாக்கள்' பார்த்ததே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போடப்போகிறேன்.

சவுண்டு_செல்வி:
ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள் வாசு. அப்புறம் 'பார்க்கிங்'கில் அவர் மனைவி, மகளிடம் பேசும் காட்சிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சண்டைக் காட்சிகளைவிட அங்கேதான் குரலை அதிகம் அடக்கியிருக்கிறார் என்பது என் எண்ணம்.