ஏவியாரா, ஜட்ஜா, பெர்க்கா: புட்டருக்கு கிளைடு எவ்வளவு முக்கியம்?

பைன்மரம் (சார்லட், வட கரோலினா)

டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டுக்குள் போடும் ஆட்டம்) ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கையில் இருக்கும் புட்டர் (பக்கத்திலிருந்து பாஸ்கெட்டுக்குள் போட எறியும் டிஸ்க்) இன்னோவா கம்பெனியின் ஏவியார், 175 கிராம். இருபது அடிக்குள் பரவாயில்லை. முப்பது அடியை நெருங்கினால் டிஸ்க் பாஸ்கெட் தட்டின் விளிம்பில் இடித்து விழுகிறது, இல்லையென்றால் அதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடுகிறது. கூட ஆடும் ஒருவர் டைனமிக் டிஸ்க்ஸ் ஜட்ஜ் வாங்கச் சொல்கிறார். ஏவியாரின் கிளைடு (காற்றில் மிதக்கும் தன்மைக்குக் கம்பெனி தரும் எண்) 3, ஜட்ஜில் 4, அதனால் அதுவே போய்ச் சேரும் என்கிறார். கடைக்காரரோ கஸ்டாபிளாஸ்ட் பெர்க்கை எடுத்து நீட்டினார். அதன் கிளைடு 1! நான் புஷ் முறையில், அதாவது டிஸ்க்கை முன்னால் தள்ளிவிட்டு எறிகிறவன், சுழற்சி குறைவு. இரண்டில் எதை வாங்கலாம்?

சங்கிலிச்சத்தம் (ஆஸ்டின், டெக்சஸ்)

எதையும் வாங்க வேண்டாம். முதலில் டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் அந்த நான்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஸ்பீடு (வேகம்), கிளைடு, டர்ன் (வேகமாகப் பறக்கும்போது வளைவது), ஃபேட் (கடைசியில் எதிர்ப்பக்கம் சரிவது) என்ற வரிசையை ஆரம்பித்தது இன்னோவா. மற்ற கம்பெனிகள் அவரவர் டிஸ்க்குக்கு அவரவரே எண் கொடுத்துக்கொள்கிறார்கள். பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) ஒரு டிஸ்க்குக்கு அனுமதி தரும்போது விட்டம், எடை, ரிம்மின் (விளிம்பின்) ஆழம், வளையும் தன்மை எல்லாவற்றையும் அளக்கிறது. கிளைடை அளப்பதில்லை. ஆக, ஒரு கம்பெனியின் 3-ம் இன்னொரு கம்பெனியின் 4-ம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

அதைவிட முக்கியமானது, அந்த எண்கள் முழு வீச்சில் எறிந்தால் டிஸ்க் எப்படிப் பறக்கும் என்பதைச் சொல்ல வந்தவை. முப்பது அடி புட்டில் டிஸ்க் காற்றில் இருப்பதே ஒரு விநாடி. அதற்குள் 3-க்கும் 4-க்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? விரல்களுக்குள் எப்படி உட்காருகிறது, கடைசி நொடியில் எப்படி விடுபடுகிறது, அதுதான் புட்டர்.

தீவுக்காற்று (டொரான்டோ)

அண்ணா, அந்த ஒரு விநாடியை அப்படித் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்க்கிள் 1, அதாவது பாஸ்கெட்டைச் சுற்றியுள்ள புட் வட்டத்தின் விளிம்பு 10 மீட்டர். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கல்லைக் கிடைமட்டமாக எறிந்தால் அரை விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும், பாதித் தூரம்கூடப் போகாது. அதே உயரத்தில், அதே வேகத்தில் விட்ட டிஸ்க் பாஸ்கெட் வரைக்கும் போகுது என்றால் அதைத் தாங்குவது காற்று. அந்தத் தாங்கல் கூடவா குறைவா என்பதைத்தான் கிளைடு என்கிறோம்.

இன்னொன்றும் இருக்கு. 10 மீட்டருக்குள் புட் போட்டால், டிஸ்க் கையை விட்டுப் போன பிறகு மார்க்கருக்கு (டிஸ்க் கிடந்த இடத்தைக் காட்டும் அடையாளம்) பின்னால் நிலையாக நின்று காட்ட வேணும். பாய்ந்து எறிய விதி இடம் கொடுக்காது. நின்ற இடத்திலிருந்தே முழுப் பலமும் வர வேணும். தம்பி சொல்வது சரியாக அந்தத் தூரம்தான். அங்கே கூடுதல் பலம் போட்டால் முதலில் தோள் இறுகும், பிறகு டிஸ்க் வலப்பக்கம் இழுக்கும். கையைத் தளர்வாக வைத்துக்கொண்டே தூரம் கிடைக்க வேணும் என்றால் ஜட்ஜ் நல்ல தேர்வு. பெர்க்கை அந்தத் தூரத்துக்குப் புஷ் முறையில் கொண்டுபோக எவ்வளவு தள்ள வேணும் என்று எறிந்தவர்களுக்குத் தெரியும்.

சங்கிலிச்சத்தம்

கல்லோடு ஒப்பிட்டால் எந்த டிஸ்க்கும் ஜெயிக்கும். ஏவியாரோடு ஒப்பிடுங்கள். காற்றின் தாங்கல் மோல்டை (டிஸ்க்கின் வார்ப்பு வடிவத்தை) மட்டும் பொறுத்ததல்ல, மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. டிஸ்க்கின் முன்விளிம்பை இரண்டு மூன்று டிகிரி தூக்கினாலே லிஃப்ட் கணிசமாகக் கூடிவிடும். பைன்மரம் இருபது அடிக்கும் முப்பது அடிக்கும் ஒரே கோணத்தில் விடுகிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். தட்டின் விளிம்பில் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் மூக்கு கீழே கவிழ்ந்திருக்கிறது, அல்லது பாஸ்கெட்டைப் பார்த்து எறிகிறார், சங்கிலியின் மேல்பாதியைப் பார்த்து எறிவதில்லை. ஜட்ஜ் வாங்கினால் இந்தப் பிழையை அது மூடி மறைக்கும். அவ்வளவுதான்.

தவறவிட்ட புட்டையும் கொஞ்சம் யோசியுங்கள். கிளைடு அதிகமான புட்டர் சங்கிலிக்கு மேலே போனால் அங்கேயே நிற்காது. மிதந்துகொண்டே பாஸ்கெட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளிப் போய் இறங்கும். திரும்பி வர இன்னொரு பயமுறுத்தும் புட். பெர்க் தவறினால் பக்கத்திலேயே தொப்பென்று விழும். கடைக்காரர் அதை நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

வாரஇறுதி (டாலஸ்)

2021 உலக சாம்பியன்ஷிப்பை மறந்துவிட்டீர்களா? யூட்டா மாநிலம் ஆக்டனில், கடைசிக் குழியில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து ஆக்சியம் என்வி புட்டரை எறிந்து நேராக பாஸ்கெட்டுக்குள் போட்டார். முன்னணியில் இருந்த பால் மெக்பெத்தைச் சமன் செய்து, ப்ளே ஆஃபில் பட்டத்தையும் வாங்கினார். புட்டரின் கிளைடு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சங்கிலிச்சத்தம்

அந்த எறிதலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அது புட் இல்லை, முழுக் கையும் வீசிய த்ரோ. அந்த வேகத்தில் கிளைடு எண்ணுக்கு முழு அர்த்தம் உண்டு, அதை நான் மறுக்கவே இல்லை. அப்புறம், என்வியின் கிளைடும் 3-தான். பைன்மரம் கையில் ஏற்கெனவே இருக்கும் ஏவியாருக்கும் அதே 3.

எஸ்பூவாசி (பின்லாந்து)

இவ்வளவு பேசியும் காற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. லிஃப்ட் காற்றுவேகத்தின் வர்க்கத்தோடு கூடும். புட்டின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், எதிர்க்காற்று 5 மீட்டர் என்றால் டிஸ்க் உணர்வது 15. அதாவது லிஃப்ட் இரண்டே கால் மடங்கு. அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் டிஸ்க் உணர்வது வெறும் 5, லிஃப்ட் கால் பங்கு. மணிக்கு 18 கிலோமீட்டர்தான் அந்தக் காற்று, ஏரிக்கரையில் சாதாரணம். கிளைடை நம்பி புட் போடுகிறவரின் டிஸ்க் ஒரு குழியில் பாஸ்கெட்டுக்கு மேலே ஏறிப் பறக்கும், அடுத்த குழியில் கால் முன்னால் விழும்.

தீவுக்காற்று, நீங்கள் ஆடுவது டொரான்டோ தீவுத் திடலில் என்றால் ஒன்டாரியோ ஏரிக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கேயும் ஜட்ஜா?

தீவுக்காற்று

அங்கேயும் ஜட்ஜ்தான், காற்று அடங்கி இருக்கும் நாட்களில். காற்றடித்தால் பையில் இருக்கும் இன்னோவாவின் ரைனோ புட்டரை எடுப்பேன். கிளைடு 1, ஃபேட் 3. மேல் பக்கம் குமிழாமல் தட்டையாக இருக்கும், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் நீங்கள் போட்ட அந்தக் கணக்கே என் பக்கம்தான் பேசுது. காற்று இப்படி மாற்றும் என்றால், கிளைடு புட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று ஆஸ்டின் அண்ணா சொன்னது எப்படிச் சரியாகும்?

சங்கிலிச்சத்தம்

பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை, 3-க்கும் 4-க்கும் நடுவில் புட்டர் தேடாதீர்கள் என்கிறேன். 1-க்கும் 4-க்கும் வித்தியாசம் யார் கைக்கும் தெரியும். ஆனால் இரண்டு புட்டர் வைத்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரிம்மின் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சுண்டுவிரல் அதை உணரும். காற்றடிக்கும் நாளில், அதுவும் பதற்றமான புட்டில், பழகாத டிஸ்க் கையில் இருப்பதா? காற்றுக்கு உயரத்தை மாற்றுங்கள், சுழற்சியைக் கூட்டுங்கள், டிஸ்க்கை மாற்றாதீர்கள்.

எஸ்பூவாசி

சுழற்சி என்று சொன்னதும்தான் பைன்மரத்தின் கேள்விக்கு வருகிறோம். மணிக்கட்டால் சுழற்றி எறியும் ஸ்பின் முறையில் டிஸ்க் தாழ்வாக, வேகமாக, நேராகப் போகும். அவர்களுக்கு கிளைடு குறைவாக இருந்தாலும் தூரம் வேகத்திலிருந்து வந்துவிடும். புஷ் முறையில் டிஸ்க் வளைந்து ஏறி, மெதுவாக இறங்கும். வேகம் குறைவு, அதனால் கடைசி மூன்று மீட்டரில் அது மிதக்கிறதா, சரிகிறதா என்பதுதான் எல்லாம். புஷ் போடுகிறவருக்கு பெர்க்கைக் கொடுப்பது முப்பது அடியில் அவரை இன்னும் கஷ்டப்படுத்தும். அந்த டிஸ்க் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டைவிரல் பதிய மேலே ஒரு பள்ளம், பிடி அருமை. ஆனால் அப்ரோச்சுக்கு, அதாவது தூரத்திலிருந்து பாஸ்கெட் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடும் எறிதலுக்குத்தான் எடுப்பேன்.

பைன்மரம்

எல்லோருக்கும் நன்றி. இன்று பக்கவாட்டிலிருந்து போனில் படம் பிடித்துப் பார்த்தேன். முப்பது அடியில் டிஸ்க் கையை விடும்போது மூக்கு கீழே பார்ப்பது உண்மைதான், இருபதில் அப்படி இல்லை. ஆனால் மூக்கைத் தூக்கி எறிந்த புட்களில்கூடப் பாதி தட்டு விளிம்பிலேயே அடிக்கிறது. ஜட்ஜை நண்பரிடம் இரவல் வாங்கி எறிந்ததில் அதே வீச்சுக்குச் சங்கிலியின் நடுவில் பட்டது. அதையே வாங்கலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பிளாஸ்டிக்?

தீவுக்காற்று

கிளாசிக் வகைப் பிளாஸ்டிக்கில் எடுங்க தம்பி. பிடி நன்றாக இருக்கும், சங்கிலியில் பட்டாலும் துள்ளாது.

சங்கிலிச்சத்தம்

என் கருத்து மாறவில்லை, ஏவியாரிலேயே கோணத்தைச் சரிசெய்திருக்கலாம். வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டால் ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே எடையில், கடையில் கையில் எடுத்துப் பார்த்து மூன்று வாங்குங்கள். ஒரே மோல்டில்கூட ஒரு தடவை வார்த்தது மேலே குமிழ்ந்தும் இன்னொரு தடவை வார்த்தது தட்டையாகவும் வரும். குமிழ்ந்தது கூடுதலாக மிதக்கும். டிஸ்க்கைக் கண் மட்டத்தில் பிடித்து விளிம்பு வழியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அச்சிட்ட எண் மூன்றிலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதை நம்பி ஆன்லைனில் தனித்தனியாக வாங்கிவிடாதீர்கள்.