முதல் தோழிக்குக் கல்யாணத்தன்று என்னென்ன வேலை?

நித்தியமல்லி:
சிநேகிதியின் சர்ச் கல்யாணத்தில் நான்தான் முதல் தோழி. கூட இன்னும் இரண்டு தோழிகள். பெண்ணின் கவுனுக்குப் பின்னால் தரையில் புரளும் நீளமான ட்ரெயில், தலையில் நெட் வேறு. எந்த நேரத்தில் நான் என்ன செய்யணும்?

ஊக்குடப்பா:
உங்கள் கை காலியாக இருக்கணும், அதுதான் முக்கியம். பீடத்தருகே போனதும் உங்கள் பொக்கேயை அடுத்த தோழியிடம் கொடுத்துவிடுங்கள். ட்ரெயிலைச் சரிசெய்த பிறகு பெண்ணின் பொக்கேயை வாங்குங்கள். வரிசை மாறினால் இரண்டு பொக்கேயோடு விழிக்க வேண்டியதுதான்.

ட்ரெயிலை நுனியில் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு ஓரத்தையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி ஒரே உதறு. அடியில் காற்று புகுந்து தானாக விரிந்து படியும். பெண் திரும்பும்போது துணியைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றி வாருங்கள். விட்டுவிட்டால் காலைச் சுற்றிக்கொண்டு அடுத்த அடியில் தடுக்கும்.

மாப்பிள்ளை மோதிரம் உங்களிடம் இருந்தால் கட்டைவிரலில் போட்டுப் பாருங்கள், கழன்று விழாத அளவு இருந்தால் போதும். மற்ற விரலில் இறுக்கிப் போட்டால் புழுக்கத்தில் விரல் வீங்கி, கேட்கும் நேரத்தில் வராது.

கைத்தையல்:
வரவேற்புக்கு முன் ட்ரெயிலைத் தூக்கிக் கட்டுவதுதான் பெரிய தலைவலி. கடைசியாக அளவு பார்க்கப் போகும்போது கூடவே போய், தைத்தவர் கட்டிக் காட்டுவதை வீடியோ எடுத்துவிடுங்கள். உள்பக்கம் ரிப்பன் என்றால் ஜோடிக்கு ஒரு நிறமோ எண்ணோ வைக்கச் சொல்லுங்கள். மாறினால் ஒரு பக்கம் தொங்கும். வெளியே பொத்தான் என்றால் கனம் தாங்காமல் நூல் அறுந்துபோகலாம். அப்போது பெரிய ஊக்குதான் கைகொடுக்கும். கவுனின் மேலடுக்கு நெட் துணியில் மட்டும் குத்தினால் கிழியும், உள்துணியையும் சேர்த்துக் குத்தணும்.

பையில் இரண்டு அளவில் ஊக்கு, வெள்ளை நூல் கோத்த ஊசி, சின்னக் கத்தரி, ஹேர்பின், பிளாஸ்டர், டிஷ்யூ. தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா இருந்தால் லிப்ஸ்டிக் கலையாது. சாட்டின் துணியில் கறை பட்டால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், தண்ணீர் வளையம் அப்படியே நிற்கும். ஒற்றியெடுத்துவிட்டு மேலே வெள்ளைச் சாக்பீஸ் தடவினால் போட்டோவில் தெரியாது.

மூன்றாம்மணி:
சாட்சிக் கையெழுத்தை மறந்துட்டீங்களே. நீங்கள் போடுவதானால் வயது, அடையாள அட்டை பற்றிப் பாதிரியாரிடம் முன்பே கேளுங்கள். அட்டையில் உள்ளபடி பெயர் எழுதுங்கள்.

நித்தியமல்லி:
நெட்டைக் கழற்றுவது?

கைத்தையல்:
முதலில் ஹேர்பின் எல்லாம். பிறகு ஒரு கையால் கொண்டையை அழுத்திக்கொண்டு, நெட்டோடு இருக்கும் சீப்பை, குத்திய வழியிலேயே திரும்ப வெளியே இழுங்கள்.